எச்சில் கை நின்ற இடம்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் கேம்பல் ஸ்திரீட்டில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா போன்ற ஒரு நாசி கண்டார் கடையில், மதியக் கூட்டத்தின் கைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். நாலைந்து குழம்பு கலந்து ஊற்றிய சோற்றை வலது கை பிசைந்துகொண்டிருக்கும். தே ஐஸ் கிளாசும் வலப்பக்கமே இருந்துவிட்டால், குழம்பில் தோய்ந்த விரல்கள் தட்டைவிட்டு ஓர் அங்குலம் எழும்பி, அப்படியே அடங்கும். இடது கை குறுக்கே வந்து கிளாசை எடுக்கும். பேச்சு தடைபடாது, சாப்பிடுகிறவருக்கு இது நடந்ததே தெரியாது.

அந்த ஓர் அங்குலத்துக்குள் மூளை செய்யும் வேலை சாதாரணமானதல்ல.

கண் தரும் தகவலைக் கொண்டு பொருளின் தூரத்தையும் திசையையும் மூளையின் உச்சிப் பகுதி கணிக்கிறது. முன்பகுதி அதைத் தசைகளுக்கான திட்டமாக மாற்றுகிறது. ஆனால் இதற்கெல்லாம் காத்திராத ஒரு குறுக்குவழியும் உண்டு. கனடாவில் பிரையன் கார்னீல் குழுவினர், ஒளி தெரிந்ததும் அதற்கு எதிர்த்திசையில் கையை நகர்த்தச் சொல்லி, மார்புத் தசையில் எழும் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். கை சொன்னபடி எதிர்த்திசையில்தான் போனது. ஆனால், ஒளி தோன்றிய சுமார் 0.1 விநாடியில் தசையில் எழுந்த முதல் துடிப்பு ஒளியின் பக்கமே இழுத்தது! அதன் வலு குறைந்திருந்தது; திசை மாறவில்லை. 2016-இல் வெளிவந்த இந்த முடிவு என்னை உலுக்கிவிட்டது. எதிர்ப்பக்கம் போவதென்று முன்கூட்டியே தீர்மானித்தவரின் உடம்பும் முதலில் ஒளியின் பக்கமே சாய்கிறது. நடுமூளையின் மேற்புறத்தில் உள்ள ஒரு சிறு மேடு வழியாக இந்த அவசரச் செய்தி வருவதாகக் கருதுகிறார்கள்.

அப்படியானால் கை எப்படி நிற்கிறது? ‘போ’ என்ற செய்தியும் ‘நில்’ என்ற செய்தியும் தனித்தனியே ஓடுகின்றன, முந்துவது எதுவோ அதுவே நடக்கிறது என்று 1984-இல் கோர்டன் லோகனும் வில்லியம் கோவனும் விளக்கினார்கள். ‘நில்’ என்பதில் வலது நெற்றிப்பக்க மூளைக்கும் ஆழத்தில் இருக்கும் நரம்பணுத் திரள்களுக்கும் முக்கியப் பங்கு. அது வேலை செய்யக் கிட்டத்தட்ட கால் விநாடி ஆகும். கண்ணும் கையும் சேர்ந்தே கிளம்பும்போது இந்தத் தடுப்பு எப்படி நடக்கிறது என்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் ஆய்வகம் ஆராய்ந்திருக்கிறது. யோசிக்க அவகாசம் கொடுக்காமல் அவசரப்படுத்தினால் பழைய பழக்கமே தலைதூக்கும் என்பதும் 2019-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில் தெரிந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு இடக்கைப் பிள்ளைகளின் நினைவுதான் வருகிறது. பினாங்கானாலும் மதுரையானாலும் நம் வீடுகளில் “சோத்துக் கையால சாப்பிடு” என்ற அதட்டல் மாறவில்லை. நாசி கண்டார் சாப்பிடுகிறவர் எப்போதோ ஒருமுறை கையைத் தடுக்கிறார். அந்தப் பிள்ளை ஒவ்வொரு கவளத்துக்கும் தடுக்கிறது. சோறு சிந்தினால் மந்தம் என்று அதைத் திட்டுவது அநியாயம்.

சிறுவயதில் வலக்கையால் எழுதப் பழக்கப்பட்ட இடக்கைக்காரர்களின் மூளையை, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, எழுதும்போதே ஸ்கேன் செய்து பார்த்தார்கள் ஹார்ட்விக் சீப்னர் குழுவினர். 2002-இல் வெளியான ஆய்வு அது. இயல்பிலேயே வலக்கைக்காரர்களுக்கு மூளையின் இடது பாதியே பெரும்பாலும் இயங்கியது. இவர்களுக்கோ இடக்கையை ஆளும் வலது பாதியிலும், அசைவுகளைத் திட்டமிடும் பகுதிகள் விழித்திருந்தன. பேனா வலக்கைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும், இடக்கை நீளாமல் தடுக்கும் வேலை அங்கே ஓயாமல் நடந்துகொண்டிருக்கலாம்.