சாவதற்கும் ஒரு மரபணு

ஊரை விட்டு எத்தனை தூரம் வந்து குடியேறினாலும் நம்ம குடும்பங்களில் ஒரு பழக்கம் மாறவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனால் போதும், "விசேஷம் உண்டா?" என்று விசாரணை வந்துவிடும். மாப்பிள்ளையை யாரும் கேட்பதில்லை, பெண்ணைத்தான் கேட்கிறார்கள். கருமுட்டை குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டால், அவள் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரிப் பேச்சு. அந்த முட்டைகள் எங்கே போகின்றன என்று அறிந்தால் அப்படிப் பேச மனம் வராது. நான் டாக்டர் இல்லை, வியாபாரி. கடை சாத்திய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். ஆயுளில் மாதாமாதம் வெளிவருபவை ஏறக்குறைய 400தான். மற்றவை மடிந்துபோனவை, பெரும்பகுதி அவள் பிறக்கும் முன்பே மடிந்தவை. எங்கள் பாஷையில் சொன்னால், புதுக் கொள்முதல் கிடையாது, கையிருப்பு மட்டும்தான்.

இது விபத்தல்ல, உடம்பே நடத்துகிற காரியம். 1972-ல் கெர், வைலி, கர்ரி என்ற மூவர் இதற்கு 'அபாப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. கருவில் நம் கைவிரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு இப்படி உதிர்வதால்தான் விரல்கள் தனித்தனியாகின்றன.

இதை நடத்தும் மரபணுக்கள் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மண்புழுதி போன்ற ஒரு நுண்புழுவில்தான் முதலில் அகப்பட்டன. அதன் உடலில் 1,090 செல்கள் உண்டாகி, சரியாக 131 மடிந்து, 959 மிஞ்சுகின்றன. 'செட்-3' என்ற மரபணு கெட்டால் அந்த 131-ம் சாவதில்லை. 'செட்-9' கெட்டாலோ வாழவேண்டிய செல்களும் செத்து, குஞ்சுகள் பொரிக்காமலே போகின்றன. ஒன்று கொல்வது, மற்றது தடுப்பது. இந்த ஆராய்ச்சிக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனுஷனிடம் உள்ள தடுக்கும் மரபணுவான 'பி.சி.எல்.-2'-ஐப் புழுவுக்குள் வைத்தால் அங்கேயும் வேலை செய்கிறதாம்! எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

தடுப்பது நல்லது, கொல்வது கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பி.சி.எல்.-2 இல்லாத எலி பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு சிறுநீரகம் கெட்டு, ரோமம் நரைத்து, நோய் எதிர்ப்புச் செல்கள் அழிகின்றன. அதே மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் ஒருவகை ரத்தப் புற்றுநோய். கொல்லும் பக்கத்து 'பேக்ஸ்' இல்லாத பெண் எலிக்கு முதுமையிலும் சினைப்பை வற்றுவதில்லை. ஆண் எலியோ மலடு! விந்தகத்தில் இளம் செல்கள் குவிந்து கிடந்தும் முதிர்ந்த விந்தணு உருவாவதில்லை. ஊட்டம் கொடுக்கும் தாதிச் செல்கள் ஓரளவு பேரைத்தான் தாங்கும். உபரி கழிந்தாக வேண்டும். குழந்தை இல்லாத வீட்டில் ஆண்மகனையும் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு எலியே சாட்சி.

மனிதரிடமும் இதே கதைதான். அடிபட்ட முட்டையைச் சாகச் சொல்லும் 'செக்-2' மரபணு பழுதுபட்ட பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சுமார் மூன்றரை வருஷம் தள்ளிப்போகிறது என்று 2021-ல் கண்டார்கள். ஆனால் அவர்களுக்கே மார்பகப் புற்றுநோய் அபாயமும் அதிகம். முட்டையைக் காப்பாற்ற லேகியம், மாத்திரை என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் சில மருந்துகளும் முட்டைகளில் இந்தச் சாவு விசையைத் தட்டிவிடுகின்றன. 'பியூமா', 'நோக்ஸா' என்ற இரண்டு மரபணுக்களை நீக்கிய எலிகள் கதிர்வீச்சுக்குப் பிறகும் ஆரோக்கியமான குட்டிகள் போட்டதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். மனிதருக்கு அந்த வழி இன்னும் வரவில்லை. ஆனால் சிகிச்சை தொடங்கும் முன்பே கருமுட்டையை எடுத்து உறைநிலையில் சேமிக்கும் வசதி நம் நாட்டுப் பெரிய நகரங்களில் இருக்கிறது. இளம்பெண்ணுக்கு அந்த நோய் என்று தெரிந்த பதற்றத்தில் வீட்டார் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். முதல் ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள். பையனாக இருந்தால் விந்தணுவைச் சேமிப்பது இன்னும் சுலபம்.