முகம் மறைக்கும் வேலையில் கவனம் தேவை

லயத்து வீடுகளிலும் இன்று கைத்தொலைபேசி புழங்குகிறது. கோயில் திருவிழா முதல் குழாயில் தண்ணீர் வராத குறை வரை நம் பெண்பிள்ளைகள் வீடியோ எடுத்து, தாங்களே தொகுத்து, நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் ஒரு பெண் தனக்கு நேர்ந்த துன்பத்தைக் கமராவின் முன் சொல்லும்போது, அதைத் தொகுப்பவரின் பொறுப்பு பல மடங்காகிறது.

ஸ்பிரிங்வெளிப் பகுதியில் சமூகப் பணியாளராக இருக்கும் நான், இளம் பெண்களோடு சேர்ந்து இத்தகைய வீடியோக்களைத் தொகுத்து வருகிறேன். வீட்டில் படும் அடியைப் பற்றியோ, வேலைக்குப் போகும் இடத்தில் படும் தொல்லையைப் பற்றியோ பேச முன்வரும் அக்காமார் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "மிஸ், ஏ மொகம் தெரியாதுதானே?"

"தெரியாது" என்று நாம் உறுதி சொல்ல வேண்டுமானால், கீபிரேம் என்பதைச் சரியாகக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும்.

கீபிரேம் என்றால் என்ன?

வீடியோ என்பது அசையாப் படங்களின் வரிசை. நமது நாட்டுத் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 படங்கள். கைத்தொலைபேசிகளில் பெரும்பாலும் 30. ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். முகத்தின் மேல் ஒரு மறைப்பை வைத்து, "இந்தப் பிரேமில் மறைப்பு இங்கே இருக்கட்டும்" என்று நாம் குறிப்பதே கீபிரேம். பல மென்பொருள்களில் அது சிறிய வைர வடிவக் குறியாகத் தெரியும். இரண்டு குறிகளுக்கு இடைப்பட்ட பிரேம்களில் மறைப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும்.

இந்த முறை கையால் வரைந்த கார்ட்டூன் படங்களிலிருந்து வந்தது. முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைவார். இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். 1930களில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது மையிட்டு வண்ணம் தீட்டும் வேலைதான். பின்னர் இடைப்படங்களைக் கணினியே வரையும் முறையைக் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் ஆகியோர் உருவாக்கினார்கள். அதைக் கொண்டு 1974இல் பீட்டர் ஃபோல்டெஸ் 'பசி' என்ற குறும்படத்தை எடுத்தார்.

தவறு எங்கே நேர்கிறது?

மென்பொருளுக்கு அந்த அக்காவின் மனநிலை தெரியாது. ஒரு வினாடியின் தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி வைக்கிறோம். அதற்குள் முகம் 200 புள்ளிகள் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதை 25ஆல் வகுத்து, பிரேமுக்கு 8 புள்ளிகள் வீதம் மறைப்பை நகர்த்தும். ஆனால் அக்காவோ முதல் 12 பிரேம்கள் அசையாமல் இருந்துவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல் சட்டென்று திரும்பியிருப்பார். அந்த 12ஆவது பிரேமில் மறைப்பு 96 புள்ளிகள் தள்ளிப் போயிருக்கும். பாதி முகம் வெளியே தெரியும். ஓடும்போது கண்ணுக்குப் படாமல் போகலாம். ஆனால் யாராவது அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் படம் எடுத்துவிட்டால், அக்கா அன்று மாலை அதே வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும்?

ஆகவே சகோதரிகளே, இவற்றை மனதில் வையுங்கள்:

• அசைவு தொடங்கும் பிரேம், திசை மாறும் பிரேம், நிற்கும் பிரேம் மூன்றிலும் குறி வையுங்கள். அசையாதிருக்கும் நேரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே இடத்தில் குறி இருக்கட்டும்.

• மறைப்பை முகத்தைவிடப் பெரிதாக வையுங்கள். லேசான மங்கலைவிட முழுதும் மூடிய கறுப்புக் கட்டமே பாதுகாப்பு.

• மென்பொருள் தானாக முகத்தைப் பின்தொடர்ந்தாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். கை குறுக்கே வந்தால் அது வழி தவறும்.

• முடிந்ததும் அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிரேமாகப் பாருங்கள். ஒரு நிமிட வீடியோவில் 1,500 பிரேம்கள். சலிப்புத் தட்டும், ஆனாலும் பாருங்கள்.

• குரல், தோடு, சேலை, லயத்து இலக்கம், பிள்ளையின் பெயர் ஆகியவையும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். முடிந்தால் தொடக்கத்திலேயே கைகளை மட்டும் படமெடுங்கள்.

இது சட்டம் சார்ந்த விடயமும்கூட. பாலியல் குற்றத்திற்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு குற்றமாக்குகிறது.

தொகுத்து முடித்த வீடியோவை முதலில் பார்க்க வேண்டியவர் அதில் பேசியவரே. அவர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும். "வேண்டாம்" என்றால் அத்தோடு விட்டுவிடுவோம். நம்மை நம்பி வாய் திறந்த ஒரு பெண்ணுக்கு நாம் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அதுவே.