நெய்வேலி: மண்ணைத் தோண்டி மின்சாரம் எடுக்கும் ஊர்

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. ஆயினும் எமது வீட்டு மின்குமிழுக்கும் நிலக்கரிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் அமைந்துள்ள லக்விஜய அனல் மின்நிலையம் 2011ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. தலா 300 மெகாவாட் வலுவுடைய மூன்று அலகுகள் அங்கே உள்ளன. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்தே கிடைக்கிறது. அதற்கான நிலக்கரி முழுவதும் இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்து சேர்கிறது.

அப்படியானால் எமது விளக்கு எரிவதற்காக எங்கோ ஓர் ஊரில் நிலம் தோண்டப்படுகிறது. அந்த ஊர் எப்படி இருக்கும்? அங்குள்ள மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? உயர்தரத்தில் புவியியல் கற்கும் எனக்கு இக்கேள்வி எழுந்தபோது, எமக்கு மிக அருகில் தமிழ் பேசும் நிலக்கரி நகரம் ஒன்று இருப்பது தெரியவந்தது. அதுதான் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் சேற்றுநிலங்களில் புதையுண்ட மரஞ்செடிகள், மண்ணின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மெல்ல மெல்ல நிலக்கரியாக மாறின. இம்மாற்றத்தின் இளம்பருவத்தில் உள்ளதே பழுப்பு நிலக்கரி. இதனை இலிக்னைற்று என்பர். நெய்வேலியில் கிடைப்பது இதுவே. அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். இதனைத் தூர இடங்களுக்கு ஏற்றிச் செல்வது பாதித் தண்ணீரைச் சுமப்பதற்குச் சமம். ஆகவேதான் சுரங்கத்தின் பக்கத்திலேயே மின்நிலையத்தையும், அதன் பக்கத்திலேயே நகரத்தையும் கட்டினார்கள்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் வெளிவந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் அது பழுப்பு நிலக்கரி என உறுதியானது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாக்கப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடக்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படை வெளிப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் கட்டப்பட்ட முதலாவது அனல் மின்நிலையம் 1962இல் மின்சாரம் வழங்கத் தொடங்கி, 2020 வரை இயங்கியது.

நிலக்கரிச் சுரங்கம் என்றதும் இருண்ட குகைக்குள் விளக்கோடு நடக்கும் தொழிலாளியே எமது நினைவுக்கு வருவார். நெய்வேலி அப்படியல்ல. அது வானம் பார்த்த திறந்தவெளிச் சுரங்கம். ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் நிலக்கரி கிடப்பதால், மேலேயுள்ள மண்ணையும் மணற்கல்லையும் முதலில் அகற்ற வேண்டும். ஒரு தொன் நிலக்கரிக்கு அதைவிடப் பல மடங்கு மண் அகற்றப்படுகிறது. இவ்வேலையைச் செய்வது சுற்றிவர வாளிகள் பொருத்திய இராட்சதச் சில்லுடைய இயந்திரம். பெரிய இயந்திரத்தின் ஒரு வாளி 1,400 லீற்றர் கொள்ளும். எமது வீடுகளில் வைக்கும் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியைவிட அது பெரியது.

நிலக்கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்துடன் நிலத்தடி நீர் உள்ளது. அதை இறைக்காவிட்டால் அடித்தளத்தை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஆகவே இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. தமது கிணறுகளில் நீர்மட்டம் கீழே போய்விட்டது என்பது சுற்றுக் கிராம விவசாயிகளின் நெடுங்கால முறைப்பாடு.

நகரத்துக்குள் நுழைந்தால் வேறொரு காட்சி. நேரான வீதிகள், நிழல் மரங்கள், 'வட்டம்' எனப்படும் குடியிருப்புப் பகுதிகள், பாடசாலைகள், வைத்தியசாலை என யாவும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் முறைமாற்று வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியும் தமிழ் வாசகரிடையே பெயர்பெற்றது. அதேவேளை நிரந்தரத் தொழிலாளருக்குக் கிடைக்கும் வசதிகள் ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கிடைப்பதில்லை. பணிநிரந்தரம் கோரி அவர்கள் பலமுறை போராடியுள்ளனர்.

இந்த நகரத்துக்கு இன்னொரு மக்கள் கூட்டமும் உண்டு. சுரங்கத்துக்காகத் தமது கிராமங்களை விட்டு எழுந்து போனவர்கள் அவர்கள். நட்டஈடும் வேலையும் போதுமானதாகக் கிடைக்கவில்லை என்ற குரல் இன்றும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரையாவது பொறுத்திருக்கலாமே என்றனர் விவசாயிகள். பயிருக்கு நட்டஈடு வழங்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதை நான் உம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்து, போர் முடிந்தபின் திரும்பி வந்தவர் அவர். வந்தபோது வளவு முழுக்கக் காடு மண்டிக் கிடந்ததாம். ஆனாலும் கிணறும் மையவாடியும் அதே இடத்தில் இருந்தனவாம். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எங்களுக்குத் திரும்பி வர மண் எண்டாலும் இருந்திச்சு மகள். அந்தச் சனத்துக்கு மண்ணே இல்லையே" என்றார்.

நான் வாசித்த எந்தப் பக்கத்திலும் இவ்வளவு தெளிவாக இது சொல்லப்படவில்லை. போரினால் இடம்பெயர்ந்தவருக்குத் திரும்பிச் செல்லும் நம்பிக்கை இருக்கலாம். சுரங்கத்துக்காக எழுந்தவரின் ஊரோ நிலப்படத்திலிருந்தே போய்விடுகிறது. தோண்டி முடித்த குழியை மண்ணால் நிரப்பி மரங்கள் நடுகிறார்கள் என்பது உண்மையே. மரம் வளரும்; பழைய கிணறும் வரம்பும் அயலவரும் திரும்பி வருவதில்லை.

இதற்காக மின்சாரமே வேண்டாம் என்று கூற முடியாது. மீள்குடியேறிய நாட்களில் குப்பி விளக்கில் சமைத்த எமது தாய்மாருக்கு மின்சாரத்தின் பெறுமதி நன்கு தெரியும். நிலக்கரிப் புகை பூமியை வெப்பமாக்குவதால் உலகம் இன்று காற்றையும் சூரியனையும் நாடுகிறது. எமது அயல் மாவட்டமான மன்னாரிலும் காற்றாலைகள் எழுந்துள்ளன. 2025இல் புதிய காற்றாலைகளுக்கு அங்குள்ள மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிலக்கரியானாலும் காற்றானாலும் அதற்கு யாரோ ஒருவருடைய நிலம் வேண்டியிருக்கிறது.

நாளை எமது வன்னியிலும் இத்தகைய திட்டங்கள் வரலாம். அப்போது எத்தனை மெகாவாட் என்பதோடு வேறு சிலவற்றையும் நாம் கேட்க வேண்டும். யாருடைய நிலம்? அவர்களிடம் முன்கூட்டியே கேட்டார்களா? அவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கே நிரந்தர வேலை உண்டா? கிணற்று நீர் என்னவாகும்? வேலை தொடங்குமுன்னரே இவற்றுக்கு எழுத்தில் பதில் பெற வேண்டும் என்பதே நெய்வேலியிடமிருந்து நாம் கற்கக்கூடிய பாடமாகும்.