நிறுத்துக் கொடுத்த சொல்

இங்கிலீஷில் ஒரு வினைச்சொல்லோடு சின்னஞ்சிறு சொல்லொன்று சேர்ந்து அர்த்தத்தை மாற்றுவது சகஜமே எனினும், ‘டிஸ்பென்ஸ்’ என்பதோடு ‘வித்’ சேரும்போது நேரும் விபரீதம் விசேஷமானது. தனித்து நிற்கையில் அது கொடுத்தலைக் குறிக்கும். கம்பவுண்டர் மருந்தை அளந்து கொடுக்கும் இடத்துக்கு டிஸ்பென்சரி என்று பெயர் வந்தது அதனாலேதான். ‘வித்’ சேர்ந்துவிட்டாலோ, ஒன்றை வேண்டாமென்று விட்டு, அது இல்லாமலே காரியத்தை நடத்துதல் என்றாகிவிடும்.

பல வருஷங்களுக்கு முன், அண்டை வீட்டு மில் தொழிலாளி ஒருவர் நாலாக மடித்த கடிதமொன்றை என்னிடம் கொண்டுவந்தார். அவர் மகன் அகராதியைப் புரட்டி, ‘டிஸ்பென்ஸ்’ என்றால் ‘வழங்கு’ என்று கண்டு, அப்பாவின் சேவைக்கு ஏதோ வழங்கியிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். அவருடைய சேவை இனித் தேவையில்லை என்பதே அதன் பொருள் என்று நான் சொல்ல நேர்ந்தது.

லத்தீனில் ‘டிஸ்பென்சாரே’ என்றால் நிறுத்துப் பங்கிடுதல். இடைக்காலத் திருச்சபையில், விதியை எல்லோர்மீதும் ஒரே கடுமையுடன் சுமத்தாமல், அவரவர் நிலைமையைச் சீர்தூக்கித் தளர்த்துவதற்கும் அச்சொல்லே வழங்கலாயிற்று. ஒருவரோடு தயவாக நடந்துகொள்ளுதல் என்ற கருத்தினால்தான் ‘வித்’ வந்து சேர்ந்தது. தமையனின் விதவையான காதரைனை எட்டாம் ஹென்றி 1509-ல் மணந்ததும், போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் அளித்திருந்த அத்தகைய விலக்கின் பலத்தினால்தான். நாளடைவில் ‘வித்’துக்குப் பின்னால் மனிதர் இருந்த இடத்தில் விதியே வந்து அமர்ந்தது. அரசாங்க உத்தியோகம் வகிப்போர் இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி நற்கருணை பெற வேண்டுமென்ற 1673-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து கத்தோலிக்கருக்கு விலக்களிக்க இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் இந்த அதிகாரத்தையே பிரயோகித்தார்; 1686-ல் நீதிபதிகள் அதை ஆமோதித்தபோதிலும், மன்னர் அவ்வண்ணம் சட்டங்களை விலக்கி நடப்பதை 1689-ஆம் வருஷத்து உரிமைச் சாசனம் கண்டித்துத் தடுத்தது.

அதிகாரத்தின் சாயல் இன்றும் அச்சொல்லை விட்டு அகலவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் ஆஜராவதற்குப் பதிலாக வக்கீல் மூலம் ஆஜராக மாஜிஸ்திரேட் அனுமதிப்பதைப் பற்றி 2024 வரை அமலிலிருந்த 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு பேசிய இடத்தில் இச்சொல்தான் நின்றது. முன்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படிக்க வேண்டியதில்லை என்று தலைவர் அறிவிப்பதற்கும் இது பொருந்தும். கிழிந்த செருப்பை எறிவதற்குப் பொருந்தாது. வழக்கத்தினாலோ கட்டளையினாலோ இருந்தாக வேண்டிய ஒன்றைத் தள்ளிவைத்தால்தான் பொருந்தும். நியாயஸ்தலத்தில் ‘விலக்களித்து’ என்றும், சபையில் ‘இல்லாமலே நடத்தி’ என்றும் இதைத் தமிழாக்கலாம். அந்தத் தொழிலாளியின் கடிதத்துக்கு ‘வேலையிலிருந்து நீக்கி’ என்றுதான் எழுத முடியும்.