அரை செக்கன் தாமதம்: எங்கள் ஆவணங்கள் யாரை நம்பி இருக்கின்றன?

சில வருடங்களுக்கு முன்னர், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளிடம் இருந்த கடிதங்களையும் முறைப்பாட்டுப் பிரதிகளையும் ஸ்கேன் செய்து பாதுகாக்கும் சிறிய முயற்சி ஒன்றில் நானும் உதவிக்கொண்டிருந்தேன். கிளிநொச்சியில் ஓர் அம்மா, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த மகனின் கடிதங்களைத் தரும்போது கேட்டார்: "பிள்ளை, இதுகள் ஆற்ற கையில போகும்?"

"ஆற்ற கையிலயும் போகாது அம்மா. பூட்டித்தான் வைக்கிறம்" என்றேன்.

2024 ஏப்ரலில் அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது. லினக்ஸ் கணினிகளின் பூட்டிலேயே ஒருவர் கைவைத்திருந்த செய்தி அப்போதுதான் உலகம் முழுவதும் பேசப்பட்டது. எங்கள் ஆவணங்கள் இருந்ததும் ஒரு லினக்ஸ் சேர்வரில்தான். நடந்ததை விளங்கிக்கொள்ள, மென்பொருள்கள் ஒன்றையொன்று எப்படிப் பகிர்கின்றன என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

எந்த மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. கோப்பைச் சுருக்க, இரகசியக் குறியீடாக்க, திகதியைக் கணிக்க என்று வேறு ஆட்கள் எழுதிவைத்த நிரல் தொகுதிகளை எடுத்துப் பயன்படுத்துகிறது. இவற்றை நூலகங்கள் என்பார்கள். நூலகத்தின் பிரதியொன்றை மென்பொருளுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிடலாம். ஆனால் இன்று பெரும்பாலும் நூலகம் தனிக் கோப்பாகக் கணினியில் இருக்கும். மென்பொருள் இயங்கத் தொடங்கும்போதுதான் அது அழைத்து இணைக்கப்படும். விண்டோஸ் கணினியில் 'டி.எல்.எல்' என்று முடியும் கோப்புகள் இந்த வகைதான். இதனால் இடம் மிச்சமாகிறது. நூலகத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், அதைப் பகிரும் மென்பொருள்கள் எல்லாம் அடுத்தமுறை இயங்கும்போது திருத்தத்தைப் பெற்றுவிடும்.

சிக்கல் இணைந்த பிறகு வருகிறது. இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே வீட்டில் நாலைந்து குடும்பங்கள் இருந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. அடுப்பு ஒன்று, கிணற்று வாளி ஒன்று, லாம்பு ஒன்று. ஒரு மென்பொருளுக்குள் ஏற்றப்பட்ட நூலகங்களும் அப்படித்தான் இருக்கின்றன. நினைவகம், திறந்திருக்கும் கோப்புகள், மொழி மற்றும் எண் அமைப்புகள் எல்லாம் பொது. இடையில் சுவர் கிடையாது.

அதனால் நிரலாளர்களிடம் சில வழக்கங்கள் உண்டு. நினைவகத்தில் இடம் எடுத்த நூலகமே அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒன்று எடுத்ததை இன்னொன்றும் சேர்ந்து விடுவித்தால் மென்பொருள் இடையில் நின்றுவிடும். சிலவேளை நிற்காமலேயே தரவுகளைக் குழப்பிவிடும். பொது அமைப்புகளையும் ஒரு நூலகம் தன்பாட்டில் மாற்றக்கூடாது. தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடும் ஜேர்மன் முறைக்கு ஒரு நூலகம் மாற்றிவிட்டால், பக்கத்தில் உள்ள இன்னொரு நூலகம் 3.14 என்பதை வெறும் 3 என்று வாசித்துவிடக்கூடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இவையெல்லாம் நல்லெண்ணம் உள்ளவர்களுக்கு இடையிலான ஒழுங்குகள். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதை 2024 காட்டியது.

கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற நூலகத்தை பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின் சம்பளம் எதுவும் இல்லாமல் பல வருடங்களாகப் பராமரித்து வந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் அதற்கு உதவத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்களில், வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று கொலினை நெருக்கினார்கள். மெல்ல மெல்லப் புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமை ஜியா டானின் கைக்கு வந்தது. 2024 பெப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1 ஆகிய பதிப்புகள் வெளிவந்தன. இரண்டிலும், பரிசோதனைக் கோப்புகள் போலத் தோன்றியவற்றுக்குள் கள்ள நிரல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது.

அதன் இலக்கு கோப்புச் சுருக்கம் அல்ல. தூரத்தில் இருந்து சேர்வருக்குள் நுழைய உதவும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எச்' என்ற வாசலே இலக்கு. உண்மையில் இந்த வாசலுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. ஆனால் டெபியன், பெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில், 'நான் ஆயத்தம்' என்று 'சிஸ்டம்டி'க்கு அறிவிப்பதற்காக மட்டும் அதன் நூலகத்தை வாசல் மென்பொருளோடு இணைத்திருந்தார்கள். அந்த நூலகம் எக்ஸ்இசட்டையும் கூட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் வீட்டுக்குள் எடுத்த உறவினர், தன்னுடைய உறவினரையும் கூட்டி வந்ததுபோல.

உள்ளே வந்த பிறகு எல்லா அறைகளும் திறந்தவைதானே. மென்பொருள் தொடங்கும்போது எந்த வேலைக்கு எந்த முகவரி என்று ஒரு பட்டியல் எழுதப்படும். திறப்பைச் சரிபார்க்கும் வேலைக்கு எதிரே கள்ள நிரல் தன் முகவரியைப் போட்டுக்கொண்டது. இதனால், அதற்கென்றே செய்த இரகசியத் திறப்பு உள்ளவர், கடவுச்சொல் இல்லாமலே சேர்வரில் எந்தக் கட்டளையையும் இயக்கலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் பிரொயின்ட் என்ற மைக்ரோசொப்ட் பொறியியலாளர். வேறொரு மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, சுமார் 0.3 செக்கனில் முடியவேண்டிய உள்நுழைவு 0.8 செக்கன் எடுப்பதைக் கவனித்தார். அந்த அரை செக்கனைத் தேடிப் போய், 2024 மார்ச் 29 அன்று விடயத்தைப் பகிரங்கப்படுத்தினார். ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என மதிப்பிடப்பட்டது. கள்ள நிரல் அப்போது பெரும்பாலும் பரிசோதனை நிலைப் பதிப்புகளைத்தான் எட்டியிருந்தது. ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது வெளிவரவில்லை.

அந்த வாரம் எங்கள் சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பரை அழைத்தேன். வாசல் மென்பொருளோடு ஏற்றப்படும் நூலகங்களின் பட்டியலை எடுத்துக் காட்டினார். அதில் எக்ஸ்இசட்டும் இருந்தது. பழைய பதிப்பு என்பதால் தப்பியிருந்தோம். அந்த நீண்ட பட்டியலில் மற்றவற்றை எழுதியவர்கள் யார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

பிறகு சில விடயங்கள் திருந்தின. 2024 ஜூலையில் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச் 9.8, 'ஆயத்தம்' என்ற அந்தச் சிறிய அறிவிப்பைத் தானே அனுப்பப் பழகிக்கொண்டது. அதற்காக வெளி நூலகம் தேவையில்லை. சுருக்கும் நூலகங்களைத் தேவையான நேரத்தில் மட்டும் அழைக்கும்படி சிஸ்டம்டியும் மாறியது. ஒரு மென்பொருளுக்குள் சுவர் இல்லாவிட்டாலும், தனித்தனியாக இயங்கும் மென்பொருள்களுக்கு இடையே இயங்குதளம் சுவர் வைத்திருக்கிறது. அதனால் ஆபத்தான வேலைகளைப் பிரித்துத் தனியே இயக்குவதும் ஒரு பாதுகாப்பு.

நாங்களும் மாறினோம். கோப்புகளை எங்கள் கணினியிலேயே குறியீடாக்கிய பிறகுதான் சேர்வருக்கு அனுப்புகிறோம். திறப்பு அங்கே இருப்பதில்லை. வீட்டுக்குள் யாராவது புகுந்தாலும் றங்குப் பெட்டி பூட்டியிருக்கும். வாசலை இணையம் முழுவதற்கும் திறந்து வைப்பதையும் நிறுத்தினோம்.

பிறகு அந்த அம்மாவிடம் போனேன். நான் முன்பு சொன்ன பதில் முழுச் சரியில்லை என்றும், நாங்கள் அறியாத ஆட்கள் எழுதியவற்றை நம்பித்தான் எங்கள் பூட்டு இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டைத் தனியே வைத்தார்.

"இதுகளில வேற பிள்ளையளின்ர பேரும் இருக்கு. அதுகளின்ர தாய்மாரைக் கேக்காமல் நான் தரேலாது. இந்த ரெண்டையும் எடுத்துவிடு பிள்ளை."

அன்றிரவே அழித்தோம். அந்த இரண்டு கடிதங்களும் இப்போது அவருடைய பொலித்தீன் பையில் மட்டும்தான் இருக்கின்றன.