பம்பாய்த் தேக்கில் ஒரு போர்க்கப்பல்

மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மிகப் பழையது ‘டிரிங்கோமலி’. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் நகரில் இந்தப் பாய்மரக் கப்பல் நிற்கிறது. 1782இல் திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. ஆனால் கப்பல் பிறந்தது பம்பாயில்.

நெப்போலியனுடனான போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அரிதாகிவிட்டது. கடற்படை பம்பாய்க் கப்பல் தளத்தை நாடியது. தலைமுறை தலைமுறையாக அங்கே கப்பல் கட்டிவந்தவர்கள் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார். டிரிங்கோமலியின் வரைபடங்களைக் கொண்டுவந்த ‘ஜாவா’ கப்பலை 1812இல் அமெரிக்கர் அழித்துவிட்டதால் வேலை தாமதமாயிற்று. பார்சி வழக்கப்படி, ஏரா எனப்படும் அடிமரத்தில் வெள்ளி ஆணி அறைந்து பணி தொடங்கியது. 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது.

இதன் நீண்ட ஆயுளின் ரகசியம் மலபார்த் தேக்கு. ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். துருவேறிய ஆணி, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெயோ இரும்புக்குத் தீங்கு செய்வதில்லை. பூஞ்சையையும் எளிதில் அண்டவிடாது. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் நூறாண்டு கடந்தும் உறுதியாக நிற்பதற்கும் அந்த எண்ணெய் ஒரு காரணம்.

1819இல் போர்ட்ஸ்மவுத்தை அடைந்தபோது போர் ஓய்ந்திருந்தது. கால் நூற்றாண்டு மேலே கூரையிட்டு ஒதுக்கிவைத்தார்கள். பிறகு 1847 முதல் பத்தாண்டு கடற்பணி. அதன்பின் பயிற்சிக் கப்பல். 1897இல் உடைப்பவர்களிடம் போகவிருந்த நிலையில் ஜெஃப்ரி வீட்லி காப் என்பவர் வாங்கி, புயலில் சிதைந்த தம் பழைய கப்பலின் பெயரான ‘ஃபூட்ராயன்ட்’ என்பதைச் சூட்டினார். 1986 வரை இளைஞர்கள் இதில் கடற்பயிற்சி பெற்றார்கள்.

இதனோடு சேர்ந்து நின்ற ‘இம்பிளாக்கபிள்’ கப்பலுக்கு அந்தப் பேறு இல்லை. டிரஃபால்கர் போரில் பிரெஞ்சுத் தரப்பில் நின்று, பின்பு பிடிபட்ட கப்பல் அது. பழுதுபார்க்கும் செலவுக்கு அஞ்சி 1949இல் பிரிட்டிஷ் கடற்படையே அதை வெடிவைத்து மூழ்கடித்தது. பணத்தைத் தேடியிருக்கலாம், போன கப்பலை இனித் தேட முடியாது.

டிரிங்கோமலியை 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். 1990இல் தொடங்கிய சீரமைப்பு 2001 வரை நீண்டது. இடையில் பழைய பெயரும் திரும்பியது. மரத்தில் பெரும்பகுதி இன்றும் பம்பாய்த் தச்சர்கள் இழைத்ததே. அதே தளத்தில் கட்டிய ‘வெல்லஸ்லி’ 1940இல் ஜெர்மன் குண்டுக்கு இரையாயிற்று; ‘கேஞ்சஸ்’ கப்பலை உடைத்து விற்றுவிட்டார்கள். டிரிங்கோமலி கடற்படை அருங்காட்சியகத்தின் பகுதியாகப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.