மழைக்கு முன் வீட்டுத் தோட்டம்

குளிர்நாடுகளில் உறைபனிக்கு அஞ்சித் தோட்டத்தைக் காப்பர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நாம் அஞ்ச வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழைக்கே. 2015 டிசம்பர் முதல் நாள் கொட்டிய பெருமழையைப் பெற்றோர் இன்றும் நினைவுகூர்வர்.

வேர்களும் சுவாசிக்கின்றன. நீர் தேங்கினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறிவிடும். வேர் மூச்சு முட்டி அழுகும். ஆகையால் புரட்டாசியிலேயே மண்ணைக் கொத்தி, தொழு உரமிட்டு, ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தி அமைப்போம். சுற்றிலும் வாய்க்கால் வெட்டி நீரை வடிய விடுவோம். கத்தரி, மிளகாய் நாற்றுகளை மேட்டில் நடுவோம். வாழைக்கு முட்டுக் கொடுப்போம்.

வடியும் நீரை மழைநீர்க் குழிக்குத் திருப்பினால் நிலத்தடி நீரும் பெருகும். வயல்கள் பல ஆலைகளாகிவிட்ட நம் ஊரில், கொல்லையிலுள்ள சிறு மண்ணையேனும் காப்பது நம் கடமையன்றோ!